பதினோராவது பத்தி

மார்கழி பிறந்த முதல் திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கைக்காக நீங்கள் அனுப்பியிருந்த கேள்வித்தாளில் 'வெள்ளத்தன்று' என்று மட்டும் இருக்கிறது. எந்த நாள், எந்த வேளை என்று கேட்கத் தெரியாதவர்கள் ஒரு மாவட்டத்தையே காப்பாற்றப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நாம் இப்போது பேசப்போகிறோம்.

உட்காருங்கள். அந்தக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நான் பேசும்போது என்னைப் பார்க்க வேண்டும், அதை அல்ல. முப்பத்தொரு ஆண்டுகள் மகளிர் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள் நான். கடைசி ஆறாண்டுகள் முதல்வர். பார்க்காதவர்களுக்குப் பாடம் நடத்திப் பழக்கம் இல்லை.

உமையாள் என்று சொன்னீர்கள். நல்ல பெயர். அன்று தொலைபேசியில் அதைச் சொல்லவில்லை. 'கன்ட்ரோல் ரூம்ல இருந்து பேசறேன்' என்று சொன்னீர்கள். ஓர் அறையா பேசும்? இன்று நேரில் வந்த பிறகுதான் குரலுக்கு ஒரு முகம் கிடைத்திருக்கிறது. இருக்கட்டும்.

பவளம் குடியிருப்பு உப்பளங்களுக்கும் புறவழிச் சாலைக்கும் நடுவில், பள்ளத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை விற்றவரைப் பற்றி இங்கே பேச வேண்டாம். நான்கு பிளாக்குகள். நான் ஏ பிளாக்கில் இரண்டாம் தளத்தில் இருக்கிறேன்; சங்கத்தின் செயலாளரும் நானே. நான் பொறுப்பேற்பதற்கு முன்னால் இங்கே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மின்கம்பி அறுந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மின்வாரியத்துக்குப் பேசுவார்கள். ஒருவர் கம்பி என்பார், ஒருவர் தீ என்பார், ஒருவர் வீட்டு விளக்கு மினுங்குகிறது என்பார். அங்கே இருப்பவர் எதை எழுதுவார்? எதையும் எழுதமாட்டார். தண்ணீர் லாரியும் அப்படித்தான். பத்துப் பேர் கூப்பிட்டால் ஒருவருக்கும் வராது.

ஆகவே ஒரு விதி கொண்டுவந்தேன். வெளியே போகும் எந்தப் புகாரும் செயலாளர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே புகார், ஒரே கையெழுத்து. பொதுக்குழுவில் வாக்கெடுத்து நிறைவேற்றிய விதி, என் விருப்பம் அல்ல. அதன் பிறகு லாரி வந்தது, கம்பி கட்டப்பட்டது. மின்வாரியத்தில் ஒரு பொறியாளர், 'உங்க லெட்டரைத்தான் மேடம் மத்த காலனிக்காரங்களுக்கு மாடலாக் காட்டுறேன்' என்றே சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்தான். டி பிளாக் ஏழாம் எண் வீட்டு ஸ்தனிஸ்லாஸ் கொரேரா. துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருப்பவர். அன்று சின்ன ஆக்சிஜன் உருளை ஒன்றைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். 'கலெக்டரம்மா, ஒரு சந்தேகம்' என்றார். என்னை அப்படித்தான் அழைப்பார். 'நான் மூச்சு விடுறதுக்கும் உங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டுத்தான் விடணுமா?' எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டக் குறிப்பில் 'உறுப்பினர் ஒருவர் பொருளுக்குத் தொடர்பில்லாத வினா எழுப்பினார்' என்று பதிவு செய்தேன்.

திங்கட்கிழமைக்கு வருவோம். ஆறரை மணிக்குத் தரைத்தள வீடுகளின் சன்னல் வரை தண்ணீர். முந்திய இரவே மின்சாரம் போய்விட்டது. தரைத்தளத்தார் எல்லோரையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். கூச்சல், குழந்தைகள் அழுகை. ஒரு வீட்டார் மாவாட்டும் இயந்திரத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். உங்கள் வாட்ஸப் எண் வானொலியில் அறிவிக்கப்பட்டது. உடனே எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். நான் சங்கத்தின் குழுவில் ஒரே வரி போட்டேன்: 'யாரும் தனித்தனியாக அனுப்ப வேண்டாம். விதி நினைவிருக்கட்டும். தேவைகளை எனக்குச் சொல்லுங்கள்.' சொன்னார்கள். பால்கனியிலிருந்து கத்திச் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டு, சரிபார்த்து, மிகைகளை நீக்கி, ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். முன்னுரை, பதினோரு பத்தி, முடிவுரை. கைபேசியில் தட்டச்சு செய்ய எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பிழை இல்லை. நீங்கள் வேண்டுமானால் இப்போது எடுத்துப் பாருங்கள். வேண்டாமா? பார்த்திருக்கிறீர்களா? நல்லது. தாமதமாகவாவது பார்த்தீர்களே.

வரிசை எப்படி என்று கேட்கிறீர்கள். வீட்டு எண் வரிசை. ஏ-ஒன்றில் தொடங்கி டி பிளாக்கில் முடியும். வேறு எந்த வரிசையில் எழுதினாலும் 'ஏன் அவர்கள் வீட்டுக்கு முதலிடம்' என்று ஒரு கேள்வி வரும். எண் வரிசைக்கு மட்டும் யாரும் பாரபட்சம் சொல்ல முடியாது. முதல் பத்தி, ஏ-ஒன்றின் நிலத்தடித் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது; குடிநீர் தேவை. பதினோராவது பத்தி, டி-ஏழு; ஸ்தனிஸ்லாஸ் கொரேரா, வயது எழுபத்து நான்கு, இயந்திரத்தின் துணையோடு சுவாசிப்பவர், மின்சாரம் இல்லாமையால் இயந்திரம் நின்றுவிட்டது, கையிருப்பில் உள்ள ஒரே உருளை மாலை வரைதான் தாங்கும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 'உடனே' என்ற சொல்லை நான் எழுதியிருக்கிறேன். அதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் ஏற்பாட்டை நீங்கள் சற்று முன் விளக்கினீர்கள். ஒவ்வொரு செய்தியும் வரைபடத்தில் ஒரு புள்ளி ஆகிறது. முதலில் கேட்கப்பட்ட தேவைக்கு ஏற்ப அதற்கு நிறம்: குடிநீருக்கு நீலம், உயிருக்குச் சிவப்பு. ஒரே இடத்திலிருந்து பலர் சொன்னால் புள்ளி வட்டமாகப் பெரிதாகிறது. தனிப் புள்ளியாக இருந்தால் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். அன்று ஆயிரக்கணக்கில் செய்திகள் வந்தன, பாதி பொய், பாதி பழையவை, எந்தத் தெரு மூழ்கியது எந்தத் தெரு மூழ்கவில்லை என்றே தெரியாமல் இருந்தவர்களுக்கு அந்தப் படம் ஒன்றுதான் கண்ணாக இருந்தது என்கிறீர்கள். உங்கள் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பதினோரு பத்திகளில் முதல் பத்தியை மட்டும் படிக்கும் கண்ணுக்கு என்ன பெயர்? என் மாணவிகளில் அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணைச் சொன்னால் நீங்கள் வருந்துவீர்கள்.

சரி, தொலைபேசி. கூப்பிட்டீர்கள், மறுக்கவில்லை. பத்து மணி இருக்கும். 'பவளம் குடியிருப்பா? தண்ணி கேட்டிருந்தீங்க. உயிருக்கு ஆபத்துன்னு யாராவது இருக்காங்களா மேடம்?' என்று கேட்டீர்கள். கடிதத்தை முழுமையாகப் படியுங்கள் என்றேன். 'படிக்கிறேன் மேடம், இப்ப ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க' என்றீர்கள். நான் காரணங்களோடு விளக்கி எழுதிய ஒன்றை ஆமாம், இல்லை என்று சுருக்குவதற்கு நான் நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை. அதையே சொன்னேன். கைபேசியில் மின்கலம் குறைந்துகொண்டிருந்தது. வைத்துவிட்டேன்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்னால் இன்னும் இருநூறு புள்ளிகள் இருந்தன என்கிறீர்கள். எனக்கு முன்னால் நாலு பிளாக்குகளின் மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ரெக்சலின் வந்தாள். கொரேராவின் மருமகள், கணவன் கப்பலில், எந்தக் கடலில் என்று அவளுக்கே தெரியாது. மழையில் நனைந்தபடி, மொட்டை மாடிகள் வழியாகச் சுவர் தாண்டித் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். 'மேடம், மாமாவுக்கு உதடு நீலம் பாரிச்ச மாதிரி இருக்கு. நானும் தனியா ஒரு மெசேஜ் போட்டுறட்டா?' என்றாள். போட்டாயிற்று என்றேன். 'நீங்க போட்டீங்க, நானும் போட்டா என்ன மேடம்?' என்றாள். பொறுமையாகவே விளக்கினேன். ஒரே செய்தி இரண்டு முறை போனால், இரண்டு நோயாளிகளா ஒருவரா என்று அங்கே குழம்புவார்கள். குழப்பம் தீரும்வரை ஒருவரும் வரமாட்டார்கள். படித்த பெண், புரிந்துகொண்டாள். தலையை ஆட்டினாள். போகும்போது, 'சரி மேடம், உங்களை நம்பித்தான்' என்றாள். அதை நான் நன்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நண்பகலில் ஒரு படகு வந்தது. மீனவர் படகு. ஓட்டி வந்தவர் சேசையா என்பவர்; கூட ஒரு காவலர், கையில் வாக்கிடாக்கி. இருபது கேன் குடிநீர் கொண்டுவந்தார்கள். ஏ பிளாக் படிக்கட்டில் நின்று நான்தான் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டேன். ஆக, என் கடிதத்துக்குப் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டது வந்தது.

ரெக்சலின் டி பிளாக் மாடியிலிருந்து கத்தத் தொடங்கினாள். சேசையா படிக்கட்டருகிலேயே படகை அந்தப் பக்கம் திருப்பினார். படகில் அடுத்த இடங்களுக்கான கேன்கள் இன்னும் இருந்தன. நோயாளியைப் படுக்கவைக்க இடம் இல்லை. 'யம்மா, எனக்குத் தண்ணி எறக்கத்தான் சொல்லிருக்காவ. ஆனா கேட்டுப் பாக்கேன்' என்று அவளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, காவலரிடம் கேட்கச் சொன்னார். காவலர் வாக்கிடாக்கியில் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து, இது புதிய தகவலா என்று கேட்டார்கள். காவலர் சுற்றிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டவள் நான், ஆகையால் என்னைப் பார்த்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். 'புதிய தகவல் அல்ல. ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுவிட்டது. பதினோராவது பத்தி' என்றேன்.

காவலர் அதைக் கருவியில் சொன்னார்: 'ஏற்கெனவே சொல்லியாச்சாம் சார்.' பதில் எனக்கும் கேட்டது. 'அப்ப அதுக்கு வேற ஆள் போட்டிருப்பாங்க. நீங்க அடுத்த எடத்துக்குப் போங்க.' படகு போய்விட்டது.

நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. இந்த ஒரு வாக்கியத்துக்காக. 'ஏன் அப்படிச் சொன்னீர்கள்' என்ற கேள்வியை உங்கள் தாளில் மூன்றாம் பக்கத்தில் மறைத்து வைத்திருக்கிறீர்கள். விடை எளிது. அது புதிய தகவல் அல்ல. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடை அது. வேறு விடை வேண்டுமென்றால் வேறு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆள் போடப்பட்டதா என்று அவர்கள் கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்லியிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் என்றும் தயங்கியதில்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ரெக்சலின் டி பிளாக்கில் வீடு வீடாகப் போயிருக்கிறாள். பிறகு சி, பிறகு பி. ஒரு வாட்ஸப் குழு தொடங்கியிருக்கிறார்கள், என்னைச் சேர்க்காமல். அவள் சொல்லிக்கொடுத்த தொடர்கள் மூன்றே: 'பவளம் டி-7. ஆக்சிஜன். சாகப்போறார்.' இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் இந்த ஒழுங்கில் எழுதியிருக்கமாட்டேன். மூன்றாவதை எழுதியிருக்கவே மாட்டேன். நோயாளியின் வீட்டார் படிக்கக்கூடிய இடத்தில் அப்படி எழுதுவது நாகரிகம் அல்ல. பதினாறு பேர் அதை எழுத்து மாறாமல் அனுப்பினார்கள். என் எதிர்வீட்டு வங்கி மேலாளர் நெல்லையப்பன், விதியை முன்மொழிந்தவரே அவர்தான், அவரும் அனுப்பியிருக்கிறார். கேட்டதற்கு, 'என்ன மேடம் செய்ய, அந்தப் பொண்ணு கதவுல நின்னு அழுதுச்சு' என்றார். அழுகை விதிக்கு விலக்கு என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.

அப்போது உங்கள் திரையில் என்ன நடந்தது? நீங்களே சொன்னீர்கள். சின்ன நீலப் புள்ளி ஒன்று, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து, வீங்கி, பெரிய வட்டம் ஆயிற்று. 'அப்பதான் மேடம் எங்களுக்கு எடம் தெரிஞ்சுது' என்றீர்கள். காலை முதல் உங்கள் கையில் இருந்த இடம். முகவரியோடு, வயதோடு, நோயோடு இருந்த இடம். அது தெரியவில்லை. பதினாறு கைபேசிகள் ஒரே அலறலை அலறியதும் தெரிந்துவிட்டது.

வெவ்வேறு எண்களிலிருந்து ஒரே செய்தி வந்தால் அது உறுதிப்பாடு என்று உங்கள் கருவி எடுத்துக்கொள்ளும் என்கிறீர்கள். உமையாள், பதினாறு விடைத்தாள்களில் ஒரே விடை எழுத்து மாறாமல் இருந்தால் நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம். பதினாறு பேரையும் வெளியே அனுப்பிவிடுவோம்.

சிரிக்கவில்லையா? கல்லூரியில் இதற்குச் சிரிப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் பெரிய படகு வந்தது. தூக்குப்படுக்கை, உருளை, செவிலியர் ஒருவர் என்று எல்லாம் இருந்தன. இருட்டத் தொடங்கியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அவரை மாடிப்படியில் இறக்கினார்கள். படகு என் பால்கனிக்குக் கீழேதான் திரும்பியாக வேண்டும். நான் அங்கேயே நின்றிருந்தேன். ரெக்சலின் மேலே பார்க்கவில்லை. கொரேரா பார்த்தார். முகத்தில் மூச்சுக்கவசம். பேச முடியாது. வலது கையை, வகுப்பில் அனுமதி கேட்கும் மாணவியைப்போல், மெல்ல உயர்த்தினார். ஒரு விரல் மட்டும் நீட்டியிருந்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் தலையசைத்தேன்.

படகு போயிற்று. நாகரிகமான மனிதர், போகும்போது சொல்லிக்கொண்டு போனார் என்றே அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

புதன்கிழமை மருத்துவமனையில் இறந்துவிட்டார். சான்றிதழில் மருத்துவர் எழுதியிருப்பது நாட்பட்ட நுரையீரல் நோய். வெள்ளம் என்று எழுதவில்லை, தாமதம் என்றும் எழுதவில்லை. சான்றிதழை நான் பார்த்தேன். சங்கப் பதிவுக்கு நகல் தேவைப்பட்டது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று அந்த மருத்துவர் ரெக்சலினிடம் ஏதோ சொன்னதாகப் பேச்சு. வாயால் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கலாம், பதினாறு பேர் சொன்னால் போதுமே.

இனி என் பரிந்துரையை எழுதிக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் உங்களை உள்ளே விட்டேன். உங்கள் ஏற்பாடு, அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்களிடமிருந்து மட்டும் செய்தி பெற வேண்டும். இடத்துக்கு ஒரு செய்தி. அதைக் கடைசிப் பத்தி வரை படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் செய்திருந்தால் காலை எட்டு மணிக்கே படகு வந்திருக்கும்.

எழுதவில்லை நீங்கள். பேனாவை மூடிவிட்டீர்கள். என்ன கேட்டீர்கள்? மறுபடியும் சொல்லுங்கள், தெளிவாக.

'அன்னிக்கு நான் கேட்டப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அந்தப் புள்ளிய சிவப்பாக்கியிருப்பேன் மேடம். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்துச்சு.'

அப்படியா? அப்படியென்றால் அதை அன்றே விளக்கியிருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்பவர், எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. நான் அதைக் குறித்துவைத்திருக்கிறேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பு இருக்கிறது, பார்த்துப் போங்கள். படிக்கட்டில் இன்னும் பாசி போகவில்லை. ரெக்சலினைப் பார்க்க வேண்டும் என்றால் டி பிளாக்குக்குப் போங்கள், ஆனால் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். அந்த வாட்ஸப் குழு இன்னும் இருக்கிறதாம். அதற்குக் கொரேராவின் பெயரை வைத்திருக்கிறார்களாம். குழாய் உடைந்தால்கூட அதில்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு மாதமாக எந்தப் புகாரும் வரவில்லை. குடியிருப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

போவதற்கு முன் கடைசியாக ஒன்று, உங்கள் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக. வெள்ள நிவாரணத்தை அரசு எல்லா வீடுகளுக்கும் பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிட்டது. கொரேராவின் இறப்புக்கென்று எதுவும் வரவில்லை, சான்றிதழ் அப்படி. அடக்கத்தன்று சங்கத்தின் பெயரால் ஒரு மலர்வளையம் வைத்தேன். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய், என் சொந்தப் பணம்; தொகையைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் குறித்துவைத்தேன். பொங்கல் கழிந்த மறுவாரம், என் கதவுக்கு அடியில் ஓர் உறை கிடந்தது. கடிதம் இல்லை. வெளியே டி-7 என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றே ரசீது எழுதி, அவள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன்; பாதி உள்ளே, பாதி வெளியே, தள்ளிய இடத்திலேயே இருந்தது.